காது அடைப்பதேன்?

லே நகருக்குச் சென்று திரும்பிய நண்பர் ஒருவர், நம் சங்க நூலகத்தில் என்னைக் கண்டதும் ஒரு வினாத் தொடுத்தார்: "போகும்போது விமானத்தில் காது ஒன்றும் செய்யவில்லை. தில்லியில் இறங்கும்போதுதான் உயிர் போயிற்று. ஏன் சார் அப்படி?" இம்மாதப் பகுதிக்கு அதுவே பொருளாயிற்று.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிற்றறை ஒன்றுண்டு. அதனை நடுச்செவி என்பர். அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழல் செல்கின்றது. பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்றறிஞர் யூஸ்டாகியின் பெயரால் யூஸ்டேஷியன் குழல் எனப்படும் இது, பெரும்பாலும் மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் சற்றே திறக்கும். மேலே செல்லச் செல்ல வெளியழுத்தம் குறையும். உள்ளே விரியும் காற்று தானே வழிதிறந்து வெளியேறிவிடும். இறங்கும்போதோ வெளியழுத்தம் மிகும்; நாம் விழுங்கித் திறந்தாலன்றிக் காற்று உட்புகாது. தாமதித்தால் குழல் இறுகிப் பறை உள்ளே இழுபட்டு வலிக்கும்.

பறக்கும் விமானத்தினுள் அழுத்தம், ஏறத்தாழ 8,000 அடி உயரத்துக்குரிய அளவுக்குக் குறையாமல் காக்கப்படுகின்றது. லே விமான நிலையமோ 10,600 அடிக்கும் மேல். ஆதலின் அங்கே விமானம் தாழ, காது மட்டும் மலையேறுகின்றது! தில்லிக்குத் திரும்புகையில் அவ்வளவும் இறக்கம். நண்பரின் காது பொய் சொல்லவில்லை. கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டரில் சுமார் 4,600 அடி ஏறும் சிறு இரயில், இறங்கவும் பல மணி நேரம் எடுத்துக்கொள்வதால் காதுக்கு அவகாசம் தருகின்றது. எங்கள் இலாகாவின் மெத்தனத்தைப் பழிப்போர் இதையும் வரவில் வைப்பார்களாக.

பிராணவாயுவின் கதை வேறு. முகமூடி வழியே கலப்பற்ற பிராணவாயுவைச் சுவாசித்துப் பறந்த போர் விமானிகள் நலமாகவே தரையிறங்குவர். சில மணி கழித்து, உறங்கி எழும்போது, காது அடைத்திருக்கும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதை இரத்தம் மெதுவாகவே உறிஞ்சும். பிராணவாயுவையோ விரைவில் உறிஞ்சிவிடும். நடுச்செவியில் அதுவே நிறைந்திருந்தால் அறை வெறுமையுறும். உறக்கத்தில் நாம் விழுங்குவதும் குறைவு. எனவே இறங்கிய பின்பும் விழித்திருக்கும்போது அவ்வப்போது விழுங்கியோ, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியோ வெறுங்காற்றை உட்செலுத்த வேண்டும். வலிந்து ஊதுதல் தீங்கு.

சளி பிடித்தால் இக்குழல் வீங்கி அடைபடும். சென்ற கோடையில் பயணச்சீட்டுப் பணம் வீணாகுமே என்று, சளியுடன் இருந்த என் மகளை விமானத்தில் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். இறங்குகையில் அவள் வீறிட்ட குரல் இன்னும் என் காதிலிருக்கிறது. நடுச்செவியில் நீர் கோத்திருப்பதாக மருத்துவர் சொன்னார். அது வடிந்து செவி தெளிய மூன்று வாரம் ஆயிற்று. முன்னரே அவரைக் கேட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லியிருப்பார். கைக்குழந்தை உடையோர் விமானம் தாழத் தொடங்கியதும் அதை எழுப்பிப் பால் கொடுக்கலாம். விழுங்க விழுங்கக் குழல் திறக்கும்.

இவ்வாண்டு விடுமுறைக்கு இரயிலிலேயே போகவேண்டுமென்று மகள் ஆணையிட்டுவிட்டாள். கீழ்ப்படுக்கை கிடைத்திருக்கிறது.