ஊர் திரும்பிய பிறகு

ஒரு நாவலைப் பத்துத் தடவை படித்தவனைச் சினிமாக் கொட்டகைக்கு அழைத்துச் செல்வது புத்திசாலித்தனமான காரியம் அல்ல. பக்கத்து ஆசனக்காரர்களின் நிம்மதி போய்விடும். "இது இவர் பேச வேண்டிய பேச்சே அல்ல!" என்றும், "இந்தப் பெண் இங்கே எப்படி வந்தாள்?" என்றும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். அப்படி முணுமுணுக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் இதை எழுதுகிறவனும். கல்லூரி நாட்களில் என்னை ஆட்கொண்ட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையைப் பீட்டர் ஜாக்ஸன் என்னும் நியூஸிலாந்துக்காரர் 2001 முதல் 2003 வரையில் மூன்று படங்களாக எடுத்து வெளியிட்டார். மூன்றையும் பார்த்தேன், பிறகும் பல முறை பார்த்திருக்கிறேன்.

கதையை அறியாத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்த டோல்கீன் 1954, 1955-ஆம் வருஷங்களில் மூன்று பாகங்களாக வெளியிட்ட கற்பனைக் கதை இது. ஷையர் என்ற பசுமையான நாட்டில் ஹாபிட்டுகள் என்னும் குள்ள ஜனங்கள் வாழ்கிறார்கள். கிடைத்தால் நாளுக்கு ஆறு வேளை சாப்பிடக்கூடிய சாதுக்கள். அவர்களில் பிராடோ என்பவனிடம் உலகையே அடிமைப்படுத்தவல்ல மோதிரம் ஒன்று வந்து சேருகிறது. பகைவனுடைய தேசத்திலுள்ள எரிமலையில் எறிந்தாலன்றி அது அழியாது. பிராடோவும் அவனுடைய தோட்டக்காரன் ஸாமும் நடையாய் நடந்து அங்கே போய்ச் சேருகிறார்கள்.

படத்தில் மெச்சத்தக்கவை அநேகம். மாடமாடா என்ற ஊரருகே ஓர் ஆட்டுப் பண்ணையில் ஷையர் கிராமத்தை நிர்மாணித்தார்கள். அந்த வட்டக் கதவுகளையும் காய்கறித் தோட்டங்களையும் பார்த்தபோது, என் மனத்திலிருந்த கிராமத்தை எவரோ ஒளிந்திருந்து பார்த்து வரைந்துவிட்டார் போலத் தோன்றிற்று. மோதிர ஆசையால் உருக்குலைந்த கொல்லம் என்ற பிராணியாக ஆண்டி ஸெர்கிஸ் நடித்து, கம்ப்யூட்டரால் அதற்கு உருவம் கொடுத்தார்கள். அது தன்னோடு தானே இரண்டு குரலில் வாதாடும் காட்சி ஒன்றுக்காகவே டிக்கட்டுப் பணத்தைக் கொடுக்கலாம். மூன்றாம் படம் 2004-இல் பதினொரு ஆஸ்கார் பரிசுகளைத் தட்டிக்கொண்டு போனதில் எனக்கு ஆட்சேபமில்லை.

சில்லறைக் குறைகளைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. டாம் பாம்படில் என்ற பாட்டுக்காரப் பேர்வழியைக் காணோம். போகட்டும், அவரைத் திரையில் காட்டியிருந்தால் ஜனங்கள் சிரித்திருப்பார்கள். மோதிரத்தின் ஆசைக்கு உட்படாத பாராமிரைச் சஞ்சலப்பட வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று.

நாவலில், மோதிரம் அழிந்து, யுத்தம் ஜயமாகி, நான்கு ஹாபிட்டுகள் ஊர் திரும்புகிறார்கள். ஊரில் பழைய ஊர் இல்லை. மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். சத்திரங்களை மூடியாகிவிட்டது. சுவரெல்லாம் சட்டதிட்டப் பட்டியல்கள். இதைத் தொடங்கி வைத்தவன் அயலான் அல்ல. பிராடோவின் உறவினன் லோதோ. நிலங்களையும் ஆலைகளையும் ஒவ்வொன்றாக வாங்கிக் குவித்து, அடியாட்களைத் தருவித்து, "நானே தலைவன்" என்று உட்கார்ந்தவன். தோற்றோடிய மந்திரவாதி ஸாருமான் பின்னால் வந்து அந்த ஆசனத்தைப் பிடித்துக்கொள்கிறான். பிராடோவைக் கைது செய்ய வருகிறவர்களும் ஹாபிட்டுகளே. தொப்பியில் இறகு செருகிய காவலர்கள், "என்ன செய்வது, உத்தரவு!" என்று தலையைச் சொறிகிற சுபாவம்.

இந்தச் சமயத்தில் உதவிக்கு மந்திரவாதி காண்டால்பும் இல்லை. இனி உங்கள் காரியத்தை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்கிற பொருள்படச் சொல்லிவிட்டு வழியிலேயே பிரிந்து போய்விட்டார். ஊதுகொம்பு ஒலிக்கிறது, குடியானவர்கள் தடியும் கோடரியுமாகத் திரளுகிறார்கள். சண்டையில் பத்தொன்பது ஹாபிட்டுகள் மடிகிறார்கள். பிராடோ மட்டும் வாளை உருவுவதில்லை. சரணடைந்தவர்களைக் கொல்லவிடாமல் தடுப்பதே அவன் வேலை. தன்னைக் கத்தியால் குத்த வந்த ஸாருமானையும் போகச் சொல்லிவிடுகிறான். அவ்வளவு தூரம் நடந்து அவன் கற்றுக்கொண்டது என்ன என்பது எரிமலையின் விளிம்பில் தெரியவில்லை. அங்கே அவன் மோதிரத்தை எறிய மனமின்றித் தோற்றுத்தான் போனான். சொந்த வீட்டு வாசலில் தெரிகிறது.

இந்த அத்தியாயம் முழுவதும் படத்தில் இல்லை. இரண்டாம் படத்தில் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைச் சண்டை நீண்டுகொண்டே போகிறது; புத்தகத்தில் அது ஒரே அத்தியாயம்! மோதிரம் உருகிய பிறகு ஜனங்கள் ஆசனத்தில் உட்கார மாட்டார்கள் என்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தவர்கள் இன்னும் அரை மணி உட்கார மாட்டார்களா? ஜாக்ஸன் இந்த விஷயத்தை அடியோடு மறந்தார் என்றும் சொல்வதற்கில்லை. முதல் படத்தில், மாயத் தடாகத்தில் பிராடோ ஷையர் பற்றி எரிவதைப் பார்க்கிறான். ஆனால் அது நடவாமல் போன கெட்ட கனவாகவே நின்றுவிடுகிறது. நாவலில் அந்த நீரில் ஊரைப் பார்ப்பவன் ஸாம். மரங்கள் விழுவதையும், பழைய ஆலை இருந்த இடத்தில் சிவந்த புகைபோக்கி நிற்பதையும், தன் கிழத் தகப்பனார் தட்டுமுட்டுச் சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதையும் பார்க்கிறான். அது நடந்தே விடுகிறது.

டோல்கீன் இதைக் கடைசியில் ஒட்டுப் போட்டவர் அல்லர். ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டதுதான் என்று பின்னால் ஒரு முன்னுரையில் தெரிவித்திருக்கிறார். பர்மிங்ஹாமுக்கு அருகே ஸேர்ஹோல் என்ற கிராமத்தில், ஓர் ஆலையின் பக்கத்தில் வளர்ந்த பையன் அவர். பத்து வயது நிரம்புவதற்குள் தம்முடைய நாட்டுப்புறம் பாழானதைக் கண்டவர். 1916-இல் ஸோம் போர்க்களத்துக்குப் போய்த் திரும்பியவர். போர்க்களம் போனவனுக்குத் திரும்பி வர ஊர் இருக்குமா என்பது அவருக்குக் கற்பனைக் கேள்வியல்ல.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். படத்தில் ஊர் மாறாமலே இருக்கிறது. நால்வரும் மதுக்கடையில் மௌனமாக அமர்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஒரு பெரிய பூசணிக்காயை வியந்துகொண்டிருக்கிறார்கள்! அந்த மௌனம் உயர்ந்த காட்சிதான். ஆனால் அதிலே வருத்தம் நால்வருக்கு மட்டும், ஊருக்கு ஒன்றுமில்லை.

என் வகுப்பில் படம் மட்டும் பார்த்த பிள்ளைகள் பலர். கதையில் கெட்டவன் யார் என்று கேட்டால், தூர தேசத்துக் கோபுர உச்சியில் எரியும் கண் என்பார்கள். புத்தகத்தையும் படித்த ஒரு பெண் மட்டும் கொஞ்சம் யோசித்து, "லோதோ, ஸார்" என்றாள்.

நாவலில் வனராணி ஸாமுக்குக் கொடுத்த பரிசு ஒரு பிடி மண்ணும் ஒரு விதையும். ஊரில் வெட்டுண்ட பெருமரம் நின்ற இடத்தில் அவன் அந்த விதையை நடுகிறான். நீளமான பதிப்புப் படத்தில் அவள் கொடுப்பது ஒரு கயிறு. விதைக்கு அங்கே என்ன வேலை? மரத்தைத்தான் எவரும் வெட்டவில்லையே! பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கும் என் பிரதியில் ஆறாம் புத்தகத்து எட்டாம் அத்தியாயத்தில் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருக்கிறேன். படம் பார்த்தவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.