கேட் தேர்வு: கணக்கில் எதை விடுவது என்று தெரிந்தால் பாதி வெற்றி! எப்படி?

ஐஐஎம்களில் எம்பிஏ சேர நடக்கும் கேட் தேர்வில் பலரை மிரள வைப்பது கணக்குப் பகுதிதான். இத்தனைக்கும் சதவீதம், லாப நஷ்டம், வேகம், இயற்கணிதம், வடிவியல் என்று பெரும்பாலும் 10ஆம் வகுப்பு வரை படித்த பாடங்கள்தான். அப்புறம் எங்கே சறுக்குகிறது?

நேரம்தான் சிக்கல்

2024 தேர்வில் 22 கணக்குகளுக்கு 40 நிமிடம். ஒரு கணக்குக்கு 2 நிமிடம்கூட இல்லை. மற்ற பகுதிகளில் மிச்சமாகும் நேரத்தை இங்கே பயன்படுத்தவும் முடியாது.

18 போட்டாலும் 26, 10 போட்டாலும் 26

சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் குறையும். இத்தகைய கேள்விகளில் 18 போட்டு, 11 சரி, 7 தப்பு என்றால் 26 மதிப்பெண். 10 மட்டும் போட்டு, 9 சரி, 1 தப்பு என்றாலும் அதே 26தான்! விடையை டைப் செய்யும் கேள்விகளுக்கு மட்டும் நெகட்டிவ் மார்க் கிடையாது.

என்ன செய்யலாம்?

முதல் சுற்றில் பார்த்ததுமே வழி தெரிகிற கணக்குகளை மட்டும் முடிக்கலாம். ஒரு நிமிடத்தில் பிடிபடாததை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளிவிடலாம். மாதிரித் தேர்வு எழுதியதும் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், எந்தக் கணக்கு நேரத்தைத் தின்றது என்று குறித்து வைப்பது அவசியம்.

பல ஐஐஎம்களில் பகுதிவாரியாக கட்-ஆஃப் உண்டு. மொத்தத்தில் நல்ல பெர்சென்டைல் எடுத்தாலும், கணக்கில் கோட்டைவிட்டால் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வராமல் போகலாம்.