முதலில் எர்த்தைப் பாருங்கள்

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலையில் ராத்திரி நேரம் எதிரே வருகிற வண்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு ஹெட்லைட் வெள்ளையாக எரியும், இன்னொன்று மஞ்சளாக மங்கிக் கிடக்கும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து கண்ணடிக்கும். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு பளிச்சிடுவதற்குப் பதில் அணைந்தே போகும். மீன் ஏற்றுகிற சின்ன யானைகள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இருபது முப்பது லட்சம் கொட்டி வாங்கிய ஏழு பேர் வண்டிகளுக்கும் இதே கதிதான்.

இந்த வண்டியைத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். பகல் பதினோரு மணிக்கு, கடல்காற்றுப் படாத ஷெட்டில், விளக்கு ஜம்மென்று எரியும். "நல்லாத்தானே சார் எரியுது?" என்பார்கள். வற்புறுத்தினால் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, ஹெட்லைட் செட்டையே மாற்ற வேண்டும், டைனமோ வீக் என்று ஆரம்பித்து, வயரிங் முழுக்கப் புதிதாகப் போடலாம் என்பதில் வந்து நிற்பார்கள். பில் ஐந்து இலக்கத்தில் இருக்கும். ஒரு ஐப்பசி கார்த்திகை கழிந்தால் பழைய கோளாறு பழைய இடத்திலேயே முளைக்கும்.

காரணம் உப்பு. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, நடுவில் அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு என்று ஆயிரக்கணக்கான ஏக்கர் உப்பளம். 1930 ஏப்ரலில் ராஜாஜி வந்து அள்ளிய உப்பு இந்த அகஸ்தியம்பள்ளி உப்புதான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே கசிந்து நீராகிவிடும். அடுக்களை உப்பு ஜாடி மழைக்காலத்தில் செய்வது அதைத்தான். எங்கள் ஊர் ராத்திரிகளில் அந்த அளவு ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. பகலில் காய்ந்து சும்மா இருக்கிற உப்புத்தூள், இருட்டியதும் உப்புநீராகி செம்பும் இரும்பும் சேருகிற இடங்களை அரிக்கத் தொடங்கும். கப்ளருக்குள் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்குக் கரண்ட் கசியும். ஆகவே கடற்கரை வண்டியைப் பகலில் பார்த்துத் தீர்ப்பு சொல்வதே தப்பு என்பது என் கட்சி.

சரி, உப்பு முதலில் எங்கே கை வைக்கிறது? எர்த்தில். பேட்டரியிலிருந்து பல்புக்குக் கரண்ட் போவதற்குத்தான் நீள வயர். திரும்பி வருவதற்கு வண்டியின் பாடியும் சேசிஸும்தான் பாதை. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒரு பட்டை, இன்ஜினுக்கு ஒரு பட்டை, ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு போல்ட், டெயில் லைட் பக்கம் ஒன்று. பெயிண்டைச் சுரண்டிவிட்டு இரும்போடு இரும்பாக முடுக்கியிருக்கிற இந்த இடங்களில் துரு ஏறிவிட்டால், கரண்ட் வீடு திரும்ப வேறு சந்து தேடும். இண்டிகேட்டருக்குப் போன கரண்ட் பார்க்கிங் பல்பின் இழை வழியாகத் திரும்பும்போதுதான் இரண்டும் சேர்ந்து கண்ணடிக்கின்றன.

கணக்கும் எளிது. எச்-4 பல்பு 60/55 வாட். 12 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த போல்ட்டில் வெறும் கால் ஓம் தடை இருந்தாலும் ஒரு வோல்ட்டுக்கு மேல் அங்கேயே செத்துப்போகும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். பல்பு பாவம், அது என்ன செய்யும்?

எங்கள் வண்டியில் வலது பக்கம் மங்கியபோது வேதாரண்யத்தில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். "சாயங்காலமா வா தம்பி" என்று திருப்பி அனுப்பினார். விளக்கு வைக்கிற நேரத்தில் போனேன். மீட்டரைத் தொடவில்லை. இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு வயரை எடுத்தார். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறு முனையை ஹெட்லைட் சாக்கெட்டின் எர்த் பின்னில் தொட்டார். மங்கிக் கிடந்த பல்பு குபீரென்று வெள்ளையாக எழுந்தது. எடுத்தார், படுத்தது. "பாத்தியா? பல்பு மேல பழி போடாத" என்றார். எர்த் போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் காப்பித்தூள் நிறத்தில் துரு. வயர் முனையில் பச்சைப் பொடி. உப்புத்தாள் போட்டு இரும்பு மினுங்கும்வரை தேய்த்தார், வயர் நுனியை வெட்டிப் புது லக் அடித்தார், பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கினார். "கிரீஸ் முன்னாடி தடவிக்கவா அண்ணே?" என்றேன். "முடுக்குனப்புறம் மேலாப்ல. உள்ள இரும்பும் இரும்பும்தான் பேசிக்கணும்" என்றார். அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் தஞ்சாவூர் ஷெட்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

மீட்டர் வைத்திருப்பவர்கள் 20 வோல்ட் டிசியில் வைத்து, விளக்கை எரியவிட்டு, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை பல்பின் எர்த் பின்னிலும் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டுப்போயிற்று. விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. விளக்கை அணைத்துவிட்டு ஓம்ஸில் வைத்தால், வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 'பீப்' என்று கத்தும். நல்ல எர்த் என்று ஏமாந்துபோவோம். பேட்டரியில் இன்ஜின் ஓடாதபோது 12.6, ஓடும்போது 14-ஐ ஒட்டி இருந்தால் டைனமோவைக் கழற்ற விடாதீர்கள்.

மற்றவை சில்லறை. இண்டிகேட்டர் படபடவென்று அடித்தால் ஒரு பல்பு போயிருக்கும், அல்லது யாரோ எல்இடி மாட்டியிருப்பார்கள். பிரேக் லைட் அணையவே மாட்டேன் என்றால் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சைப் பாருங்கள். பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் செம்புக் கம்பி சுற்றாதீர்கள்; வண்டி எரிந்துபோகும்.

விளக்கைவிட மெதுவாக, சத்தமில்லாமல் போவது அடிப்பாகம். முன் பிரேக் காலிபரின் பின் உப்பில் இறுகினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அந்தச் சக்கரம் மட்டும் சுடும். ஹேண்ட் பிரேக் கேபிள் உறைந்துபோகும். ஏசி கண்டென்சரின் தகடுகள் விரல் பட்டாலே உதிரும். போர் வீல் லீவர் இருந்தால், அதுவும் இறுகாமலிருக்க மாதத்துக்கு ஒரு தரமாவது மணலில் போட்டு எடுங்கள். வாட்டர் சர்வீஸ் விட்டால் சரியாகிவிடும் என்பார்கள். எந்தத் தண்ணீரில்? இங்கே பல போர்களில் வருவதே உவர்த்தண்ணீர். அதில் கழுவுவதும் கடலில் முக்கி எடுப்பதும் ஒன்றுதான். மழையில் நிறுத்துவது மேல்.

இதை நாட்டுப்புறத்துப் பயம் என்று தள்ள முடியாது. அமெரிக்காவில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அங்கே சேசிஸ் துருவுக்காக நடந்த வழக்கில் டொயோட்டா 2016-இல் சமரசத்துக்கு வந்தது. டகோமா, டண்ட்ராவோடு எட்டுப் பேர் உட்காரும் செகோயாவும் அதில் அடக்கம். சுமார் 15 லட்சம் வண்டிகள். மதிப்பு அதிகபட்சம் 340 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அங்கே வருஷத்தில் சில மாதம் மட்டும்தான் உப்பு.

எர்த்தைப் பார்க்காததால் வருகிற கெடுதல் வண்டிக்காரரோடு போனால் பரவாயில்லை. விளக்கு மங்கியதும் நம் ஆட்கள் 100/90 வாட் பல்பு மாட்டுகிறார்கள். சாக்கெட் உருகி வழிகிறது. இல்லாவிட்டால் பம்பருக்கு மேல் நீளமாக ஒரு எல்இடி பார். கோடியக்காட்டைத் தாண்டினால் சாலை 1967-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்துக்குள் போகிறது. வெளிமானும் புள்ளிமானும் காட்டுக்குதிரையும் குறுக்கே வரும் இடம். கண் கூசும் வெளிச்சத்தில் மான் ஓடாது, நின்றுவிடும். நல்ல எர்த் கொடுத்த 55 வாட் டிப் லைட், நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குத் தாராளமாகப் போதும்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ஆதி சேதுவில் முழுக வெளியூர்களிலிருந்து பெரிய வண்டிகளில் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடியுமுன் வந்து சேருகிற அவசரம் புரிகிறது, ஆனாலும் கோடியக்காடு தாண்டியதும் அந்த பார் லைட்டை அணைத்துவிட்டு டிப்பில் வாருங்கள்.