உப்பு எங்கய்யா போச்சு?

நான் படிக்கிறது பி.காம். ஆனா ப்ளஸ் டூ வரைக்கும் சயின்ஸ் குரூப் (மார்க் கதை இங்க வேண்டாம், விடுங்க). அதனால கெமிஸ்ட்ரி பேச கொஞ்சூண்டு உரிமை இருக்குன்னு நினைச்சு எழுதறேன்.

லேப்ல டைட்ரேஷன் பண்ணினது ஞாபகம் இருக்கா மக்களே? 20 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு, ரெண்டு சொட்டு பினாப்தலீன், ரோஸ் கலர். பியூரெட்ல இருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டா. கலர் போனதும் நிறுத்து, ரீடிங்கை எழுது, குடுவையை சிங்க்குல கொட்டு. முடிஞ்சது சோலி.

கொட்டினது என்ன? "உப்பும் தண்ணியும்"னு பத்தாங்கிளாஸ் பையன்கூட சொல்லுவான். அந்த உப்பை யாராவது கண்ணால பார்த்தோமா? எத்தனை மில்லி அமிலம் வேணும்னுதான் தெரிஞ்சுபோச்சே. அதே அளவை பினாப்தலீன் போடாம இன்னொரு தடவை கலந்து, பீங்கான் கிண்ணத்துல தண்ணி வத்தற வரைக்கும் சூடு பண்ணினா போதும். அடியில வெள்ளையா ஒட்டியிருக்கும். அதை யாரும் பண்ணச் சொல்லலை. மார்க் ரீடிங்குக்குத்தான்.

இப்ப கணக்கு, அது நம்ம ஏரியா :). ரெண்டும் 0.1 நார்மல், 20 மில்லிக்கு 20 மில்லின்னா உப்பு 0.117 கிராம். 40 மில்லி தண்ணியில அவ்வளவுன்னா லிட்டருக்கு 2925 மில்லிகிராம். கழிவுநீரை ஆத்துல விடறதுக்கு டி.டி.எஸ். வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். பி.எச். அழகா 7. ஆனா அந்தக் குடுவைத் தண்ணியே ஆத்துல விட லாயக்கில்லை!

இப்ப ஆலங்காயத்துல பஸ் ஏறி வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வாங்க. டேனரிக்குத் தோல் வரும்போதே உப்பு போட்டுத்தான் வருது. அப்புறம் சுண்ணாம்பு. அப்புறம் பிக்கிள், அதாவது உப்பும் கந்தக அமிலமும். குரோம் ஏத்தினதும் அமிலத்தைத் தணிக்க சோடியம் பைகார்பனேட். கழிவுத் தண்ணியில காரம் சேர்த்தா குரோம் சேறா அடியில படியும். ஆனா சோடியம் சல்ஃபேட்டும் சோடியம் குளோரைடும் படியாது, வடிகட்டினாலும் நிக்காது. கரையற உப்புன்னா அர்த்தமே அதானே?

அதனாலதான் "நியூட்ரலைஸ் பண்ணியாச்சு, இனி பிரச்சனை இல்லை"ன்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அமிலம் போச்சு, சரி. உப்பு எங்கய்யா போச்சு? கிணத்துக்குப் போச்சு, தென்னந்தோப்புக்குப் போச்சு. டேனரி பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ கெட்டுப்போச்சுங்கறது 1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்புலயே இருக்கு. கெடுத்தவனே காசு கொடுக்கணும்னு அன்னைக்கே சொல்லியாச்சு. அதே கோர்ட் 2025 ஜனவரி 30-லயும் நஷ்டஈடு கொடுங்க, ஆத்தைச் சரி பண்ணுங்கன்னு சொல்ல வேண்டியதா இருந்தது. நடுவுல 28 வருஷம்.

"டேனரியை மூடிட்டா சோறு யார் போடுவா?"ன்னு கேப்பீங்க. மூடச் சொல்லலை. இந்தப் பக்கம் பாதி வீட்டுல அடுப்பெரியறது தோலாலயும் ஷூ கம்பெனியாலயும்தான், தெரியும். ஆர்.ஓ. வச்சுப் பிரிச்சு, மிச்சத்தைக் காய்ச்சினா உப்பு வெளிய வந்துடும். அதுக்குக் கரண்ட் செலவு ஜாஸ்தி. வந்த கலப்பு உப்பையும் சுலபமா விக்க முடியாது, மூட்டை கட்டி வைக்கணும். ஆனா அந்தச் செலவு செருப்போட விலையில ஏறணும். ஏறலைன்னா விவசாயி கணக்குல ஏறும். ரெண்டுல ஒண்ணுதான். டெபிட் இருந்தா கிரெடிட் இருந்தே ஆகணும்.

நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. பி.எச். சொல்றவங்க கூடவே டி.டி.எஸ்.சையும் சொல்லட்டும். ஸ்கூல்ல அந்தக் குடுவையைக் கொட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது காய்ச்சிக் காட்டட்டும். கிண்ணத்து அடியில உப்பைப் பார்த்த பிள்ளைகிட்ட "நியூட்ரல்"னு சொல்லி யாரும் ஏமாத்த முடியாது.