வாசலிலிருந்து கல்லா வரை

கடைக்குள் நுழைந்தவர் எதைப் பார்ப்பார், எதைப் பார்க்காமல் போவார் என்பதைப் பெரும்பாலும் அலமாரிகளின் வரிசையே தீர்மானிக்கிறது. அந்த வரிசைக்குக் காப்புரிமையே வாங்கியவர் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகர மளிகை வணிகர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். அதற்கு முன் வாடிக்கையாளர் மேசைக்கு இப்பால் நின்று கேட்பார். கடைச் சிப்பந்தி எடுத்துக் கட்டித் தருவார். சாண்டர்ஸ் 1916-இல் திறந்த 'பிக்லி விக்லி' கடையில், சுழல் தடுப்பைத் தள்ளிக்கொண்டு கூடையோடு நுழைந்தவர் ஒரே வழியில் வளைந்து வளைந்து நடந்து, சரக்கு முழுவதையும் தாண்டித்தான் கல்லாவுக்கு வர முடியும். உப்புக்கு வந்தவர் கண்ணிலும் பிஸ்கட் பட்டது. 1917-இல் காப்புரிமை கிடைத்தது அந்த அமைப்புக்குத்தான். ஐகியா கடைகளின் நீண்ட வளைபாதையும் இதே வகைதான்.

இணையத்தில் காலுக்குப் பதில் கண்ணும் விரலும் நடக்கின்றன. மேல்வரிகளை ஓரளவு படித்து, பிறகு இடது ஓரமாகவே கண் கீழிறங்குகிறது என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். முக்கியமானதை மேலே வைப்பது வாசகருக்குச் செய்யும் உதவி, அதில் குற்றமில்லை.

ஆனால் கடைக்கும் திரைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கடையில் பொருளைக் கூடையில் போடுவது வாங்குபவரின் கை. திரையில் கூடை தானாகவே நிறையவும் கூடும். பயணச்சீட்டு எடுக்கும் பக்கத்தில் காப்பீட்டுக் கட்டத்தில் டிக் முன்பே விழுந்திருக்கும். 'தொடரவும்' என்ற பொத்தான் விரலகலத்துக்குப் பச்சையாக நிற்கும். 'வேண்டாம்' என்பது அதன் அடியில் வெளிறிய சாம்பல் எழுத்தில், பொத்தான் என்றே தெரியாதபடி கிடக்கும். அவசரத்தில் இருப்பவர் பச்சையைத்தான் தொடுவார். அதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதுவது நேர்மையல்ல.

இத்தகைய அமைப்புகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பயனர் அனுபவ வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010-இல் பெயரிட்டார். முன்பே டிக் இட்ட கட்டம் இணையதளங்கள் உலாவியில் பதிக்கும் குக்கீகளுக்கான சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதும், காப்பீடு வேண்டாம் என்பவரை 'நான் பாதுகாப்பின்றியே இருப்பேன்' என்று சொல்ல வைப்பதும் அவற்றில் அடங்கும். சந்தாவை ரத்து செய்யும் வழியை மறைத்து வைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. சேர ஒரு தொடுதல் போதுமென்றால், விலகவும் ஒரு தொடுதல் போதுமா என்பதைப் பக்கம் வெளியாகுமுன் வடிவமைப்பாளரே தொட்டுப் பார்த்துவிடலாம்.