அந்த மூன்று நிமிடத்தையும் பறிக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் அனுமதி தேவைப்படும் ஒரு கட்டட வேலைக்குக் கவுன்சிலில் விண்ணப்பம் போட்டால், அயலவர்கள் தங்கள் கருத்தை எழுதிக் கொடுக்கக் குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு. பெரும்பாலான விண்ணப்பங்களை அதிகாரிகளே முடித்துவிடுகிறார்கள். சர்ச்சைக்குரிய சிலவற்றை, வட்டாரக் கவுன்சிலர் கேட்டுக்கொண்டால், திட்டக் குழு எடுத்துப் பார்க்கிறது. அங்கே அயலவர் ஒருவர் எழுந்து, பல கவுன்சில்களின் வழக்கப்படி மூன்று நிமிடம், தாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் முகம் பார்த்துப் பேசலாம். இந்த வழியைத்தான் அரசு அடைக்கப் பார்க்கிறது. எது குழுவுக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று இங்கிலாந்து முழுமைக்கும் விதி வகுக்கும் அதிகாரத்தை, 2025இன் திட்டமிடல், உட்கட்டமைப்புச் சட்டம் அமைச்சருக்குக் கொடுத்திருக்கிறது. அதே ஆண்டு மே மாதம் வெளியான அரசின் முன்மொழிவில், வீட்டு நீட்டிப்புகளும் பத்துக்குக் குறைவான வீடுகள் கொண்ட திட்டங்களும் எப்போதும் அதிகாரிகளிடமே விடப்பட வேண்டியவை என்று வகைப்படுத்தப்பட்டிருந்தன. அதன்படி, தெரு முழுவதும் எதிர்த்தாலும், கவுன்சிலர் கேட்டாலும், அவை குழுவுக்கு வராது. ஒரு குடும்பத்தின் சமையலறை வெளிச்சத்தை மறைப்பதும், குறுகிய தெருவில் கார் நிறுத்த இடமில்லாமல் செய்வதும் பெரும்பாலும் இத்தகைய சிறிய கட்டடங்களே. மக்களுக்கு மிக அருகில் நடப்பதில்தான் மக்களின் குரல் முதலில் வெட்டப்படுகிறது.

வீட்டுப் பஞ்சம் தீர வேண்டும், தாமதம் குறைய வேண்டும் என்பது அரசு சொல்லும் காரணம். ஐந்தாண்டில் 15 லட்சம் வீடுகள் என்ற இலக்கை நான் குறை சொல்லவில்லை. அடுக்ககத்து ஒற்றை அறையில் பிள்ளைகளோடு நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள் நம் தமிழரிடையேயும் உண்டு. ஆனால் குழுதான் தடை என்பதற்கு ஆதாரம் எங்கே? ஏறக்குறைய 96 விழுக்காடு முடிவுகளை ஏற்கெனவே அதிகாரிகள்தான் எடுக்கிறார்கள். பத்து விண்ணப்பங்களில் எட்டுக்கு மேல் அனுமதி கிடைக்கிறது. அனுமதி கிடைத்தும் கட்டப்படாத வீடுகள் 10 லட்சத்துக்கும் மேல் என்று உள்ளாட்சிகளின் சங்கம் 2021இல் சுட்டிக்காட்டியது. கட்டாமல் கிடக்கும் நிலத்தை விட்டுவிட்டு, எஞ்சிய நான்கு விழுக்காட்டில் கைவைத்தால் எத்தனை வீடு கூடும்?

முடிவு வந்த பிறகு இரு தரப்புக்கும் உள்ள வழியையும் பாருங்கள். விண்ணப்பித்தவருக்கு அனுமதி மறுக்கப்பட்டால், அவர் திட்டமிடல் ஆய்வாளர் அலுவலகத்தில் (Planning Inspectorate) கட்டணமின்றி மேன்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டால், பாதிக்கப்பட்ட அயலவருக்கு அந்த உரிமை கிடையாது. ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அங்கேயும் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்றுதான் பார்ப்பார்களே தவிர, அது நல்ல முடிவா என்று பார்க்க மாட்டார்கள். செலவோ சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியதல்ல. பக்கத்து நாடான அயர்லாந்தில், உரிய காலத்தில் கருத்து எழுதிக் கொடுத்த மூன்றாம் தரப்பினரும் மேன்முறையீடு செய்யும் உரிமை 1963ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருகிறது. அது இல்லாத இங்கிலாந்தில், முடிவுக்கு முன் கிடைக்கும் அந்த மூன்று நிமிடமே அயலவரின் ஒரே வலு.

எழுத்தில் கொடுக்கும் உரிமை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் எழுதியது அதிகாரியின் அறிக்கையில் சில வரிச் சுருக்கமாகிறது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று பொதுவில் கேட்க ஆள் இல்லை. திட்டமிடல் சட்டத்தின் மொழியில் எழுதத் தெரிந்தவரின் கடிதம் எடுபடும். ஆங்கிலம் தடுமாறும் மூத்தவர்களுக்குக் கவுன்சிலரே வாய். குழு உறுப்பினர்கள் வாக்குக்குப் பயந்து முடிவெடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அதிகாரியின் அறிவுரையைக் காரணமின்றி மீறி, மேன்முறையீட்டில் தோற்று, செலவுத்தொகையும் கட்டிய கவுன்சில்கள் உண்டு. அதற்கு மருந்து பயிற்சி. உறுப்பினர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் பிரிவை இதே சட்டம் கொண்டுவந்திருக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். பயிற்சி கொடுத்துவிட்டு, வேலையைப் பறிப்பதுதான் புரியவில்லை.

நம்மவரிடமிருந்து வரும் இன்னொரு ஐயம் கனமானது. பழைய பண்டகசாலையைக் கோயிலாகவோ மண்டபமாகவோ மாற்ற விண்ணப்பிக்கும்போது, போக்குவரத்து, சத்தம் என்ற பெயரில் வெறுப்பும் மேடை ஏறுகிறதே, அதிகாரியே அமைதியாக முடிப்பது நமக்கு நல்லதில்லையா என்கிறார்கள். வெறுப்பு இருப்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மதமோ இனமோ சட்டப்படி எதிர்ப்புக்குக் காரணமாகாது. வீட்டு விலை குறையும் என்பதுகூட ஏற்கப்படாது. திறந்த அவையில் அத்தகைய காரணம் சொல்பவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும், பதிலும் கேட்க வேண்டும். விண்ணப்பித்தவர் தரப்புக்கும் அங்கே பேச இடம் உண்டு; திருவிழா நாளில் வண்டிகளை எப்படி ஒழுங்குபடுத்துவோம் என்று விளக்கிக் குழுவின் தயக்கத்தைப் போக்கலாம். கதவை மூடினால் நம் குரலும் வெளியேதான் நிற்கும்.

ஆகவே அரசிடம் கேட்பது இதுதான்: வட்டாரக் கவுன்சிலர் திட்டமிடல் சார்ந்த காரணத்தை எழுத்தில் கொடுத்தால், கட்டடம் எவ்வளவு சிறியதானாலும் அந்த விண்ணப்பம் குழுவுக்கு வர விதியில் இடம் வேண்டும். விதியை வகுப்பவர் அமைச்சர். மாற்றவும் அவரால் முடியும். ஹரோ, பிரென்ட், நியூஹாம், மேர்ட்டன் எனத் தமிழர் செறிந்து வாழும் லண்டன் பகுதிகளின் வாசகர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இந்த ஒரு கோரிக்கையை எழுத வேண்டும் என்றும், உங்கள் இதழ் இதைத் தொடர்ந்து கேட்க வேண்டும் என்றும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹரோ, லண்டன்