மயிலாப்பூர் ஜாடியில் மாகாளிக்கிழங்கு: காட்டில் இன்னும் எவ்வளவு நாள்?

மழை ஓய்ந்து மார்கழி நெருங்கினால் மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளின் முகமே மாறும். மாங்காய் இஞ்சி, பச்சை மிளகு, மொச்சை, சிறுகிழங்கு என வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் தலைகாட்டும் சரக்கெல்லாம் கோணிப்பையில் வந்து உட்காரும். அவற்றுக்கு நடுவே மண் அப்பிய பழுப்பு நிறத்தில், அடுப்பு விறகு மாதிரி ஒரு கட்டு கிடக்கும். தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். தெரிந்தவர்களோ அதை மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அதுதான் மாகாளிக்கிழங்கு. சிலர் மாகாணிக்கிழங்கு என்பார்கள்.

தி.நகர், அடையாறு அப்பளக் கடைகளில் இது மோரில் ஊறிய ஊறுகாயாக பாட்டிலில் கிடைக்கிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால், எந்த பாட்டிலிலும் எழுதியிருக்காத ஒரு விவரம் உண்டு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில், 2015-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தத் தாவரம் அழியும் ஆபத்தில் உள்ள இனம். புலியும் ஆசிய யானையும் இருக்கும் அதே பிரிவு. புலிக்காகக் கவலைப்படும் நாம், தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஒன்றைப் பற்றி யோசித்ததே இல்லை.

இது என்ன செடி?

தாவரவியல் பெயர் டெகாலெபிஸ் ஹாமில்டோனி. 1834-ல் ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட் என்ற இரு தாவரவியலாளர்கள் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். இவர்களில் வைட், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக மெட்ராஸ் மாகாணத்தில் வேலை பார்த்தவர். எருக்கு, அரளி, நன்னாரி எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். கிள்ளினால் பால் வடியும் கொடி. பாறை இடுக்கிலும் சரிவிலும் படர்ந்து, மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும்.

உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் இது இயற்கையாக வளர்கிறது. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா ஆகிய மாநிலங்களின் வறண்ட மலைக்காடுகள்தான், குறிப்பாகக் கிழக்குத் தொடர்ச்சி மலைகள்தான், இதன் வீடு. திருப்பதியைச் சுற்றியுள்ள சேஷாசலம் மலைகளிலும் உண்டு. கன்னடத்தில் மாகளி பேரு, தெலுங்கில் மாரேடு கொம்முலு.

பெயரில் கிழங்கு இருந்தாலும் இது உருளையைப் போன்ற கிழங்கு இல்லை, சதைப்பற்றுள்ள வேர். இந்த வித்தியாசம் முக்கியம். உருளைக்கிழங்கில் ஒரு துண்டை மண்ணில் போட்டால் முளைத்துவிடும். மாகாளியில் அந்த வசதி இல்லை. வேரை முழுசாகத் தோண்டி எடுத்துவிட்டால், அந்தக் கொடியின் கதை அங்கேயே முடிந்தது.

மூட்டைப்பூச்சி வாசனையா, வெனிலா வாசனையா?

மாகாளியை முதல் தடவை முகர்ந்து பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். 'மூட்டைப்பூச்சியை நசுக்கின மாதிரி இருக்கு' என்று ஒரு கட்சி. அந்த வாசனை இல்லாமல் மார்கழியே இல்லை என்று இன்னொரு கட்சி. நடுவில் நிற்பவர்கள் குறைவு.

இந்த வாசனைக்குக் காரணம் 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸி பென்சால்டிஹைடு என்ற வேதிப்பொருள். வேரிலிருந்து காய்ச்சி எடுக்கும் வாசனை எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் இதுதான். ஐஸ்கிரீமுக்கு மணம் தரும் வெனிலினில் எத்தனை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றனவோ, இதிலும் அத்தனையேதான். மாட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. நன்னாரி வேரில் மணப்பதும் இதே பொருள்தான்.

இது பூச்சிகளுக்கும் பல நுண்ணுயிரிகளுக்கும் ஆகாது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், 1990-களின் இறுதியிலேயே இந்த வேரைச் சேமிப்பு தானியங்களில் விழும் பூச்சிகளுக்கு எதிராகச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல், வெறும் மோரில் ஊறும் ஊறுகாய் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதில் உப்பு, புளிப்போடு இந்த வாசனைப் பொருளுக்கும் பங்கு இருக்கலாம்.

அதற்காக, 'ரத்தத்தைச் சுத்தம் செய்யும், கல்லீரலைக் காக்கும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையெல்லாம் நம்பி கப் கப்பாகச் சாப்பிட வேண்டாம். பரிசோதனைக் கூடத்திலும் எலிகளிலும் பார்த்த முடிவுகளை நம் தட்டுக்கு அப்படியே தூக்கிவர முடியாது. அதோடு, இது ஊறுகாய். உப்பு உப்புதான்.

சமைப்பது எப்படி?

வாங்கும்போது பருமனாக, ஒடித்தால் 'டக்'கென்று உடைகிற வேராகப் பார்த்து எடுக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் வாடிய சரக்கு. மண் போகக் கழுவி, சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் சுலபமாக வரும். தோலைச் சுரண்டிவிட்டு நீளவாக்கில் பிளந்தால் நடுவில் கட்டையான நார் தெரியும். அதை உருவி எறிந்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் வெள்ளைச் சதையை மெல்லிசாக நறுக்கி, நறுக்க நறுக்கவே மோரிலோ தண்ணீரிலோ போட வேண்டும். வெளியே வைத்தால் கறுத்துப்போகும்.

பிறகு உப்பு, மஞ்சள்தூள், எலுமிச்சைச் சாறு சேர்த்து இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, நன்றாகப் புளித்த கெட்டித் தயிர், மிளகாய்த்தூள், கடுகுப்பொடி கலந்தால் வேலை முடிந்தது. ஈரக்கரண்டி போடக்கூடாது. தினமும் ஒரு தடவை குலுக்கிவிட வேண்டும். பழைய வீடுகளில் பீங்கான் ஜாடி இருந்தது. ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்குக் கண்ணாடி பாட்டிலும் ஃப்ரிட்ஜும் போதும். வீட்டுக்கு வீடு செய்முறை கொஞ்சம் மாறும். எலுமிச்சையே வேண்டாம், தயிரின் புளிப்பு போதும் என்பவர்களும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது தோலும் நாரும்தான். வாங்கிய எடையில் கணிசமான பங்கு குப்பைக்குத்தான் போகிறது. ஒரு சின்ன பாட்டில் ஊறுகாய்க்குப் பின்னால், அதைவிட நிறைய வேர் தோண்டப்பட்டிருக்கிறது.

ஊறுகாய்தான் வில்லனா?

ஊறுகாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை. ராயலசீமா பக்கம் கோடையில் தெருவுக்குத் தெரு விற்கும் நன்னாரி சர்பத் பலவற்றுக்கு மூலப்பொருள், நாம் நன்னாரி என்று சொல்லும் கொடி இல்லை. அது இந்த மாகாளி வேர்தான். வாசனைப் பொருள் இரண்டிலும் ஒன்று என்பதால் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. நன்னாரி வேர் மெல்லிசு, கிலோ கணக்கில் சேர்ப்பது கஷ்டம். மாகாளி வேர் பருமன், ஒரே கொடியில் நிறையக் கிடைக்கும். வியாபாரக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. மூலிகைச் சந்தையிலும் நன்னாரிக்குப் பதிலாக இது போகிறது.

அதாவது ஊறுகாய், சர்பத், மருந்து என மூன்று வாய்கள். மூன்றுக்கும் தீனி போடுவது பெரும்பாலும் காடு. கீரைக்கும் கத்தரிக்கும் இருப்பதுபோல மாகாளிக்கு வயல் இல்லை.

காட்டிலோ இதன் இனப்பெருக்கம் ரொம்ப மந்தம். பூக்கும் அளவுக்குக் காய் பிடிப்பதில்லை. காய் முற்றி வெடித்து, பஞ்சு முனையோடு விதை காற்றில் பறக்க வேண்டும். அதற்கு முன்பே கொடியைத் தோண்டிவிட்டால், அடுத்த தலைமுறையும் சேர்ந்தே போய்விடுகிறது. எருக்குக் குடும்பத்துச் செடிதானே, எப்படியும் முளைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

தோண்டுபவர்கள் மீது தடை போட்டால் தீருமா?

இந்த வேரைத் தோண்டுபவர்கள் பெரும்பாலும் பழங்குடி மக்கள், காட்டோரக் கிராமத்து ஏழைகள். பாறை இடுக்கில் கடப்பாரை போட்டு வேரை உடையாமல் எடுப்பது லேசான வேலை இல்லை. சந்தையில் நாம் கொடுக்கும் விலையில் சின்னப் பங்குதான் அவர்கள் கைக்குப் போகும்.

சட்டமும் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பாரம்பரியமாகச் சேகரித்துவந்த சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் வனவாசிகளுக்கு உரிமை உண்டு என்கிறது. சிறு வன மகசூல் என்பதன் விளக்கத்தில் வேர்களும் கிழங்குகளும் சேர்த்தி. தமிழக எல்லையை ஒட்டிய கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில், மாகளி வேர் எடுத்துவந்த சோலிகர் மக்களின் 25 கிராம சபைகள் 2011-ல் சமூக வன உரிமை பெற்றன. புலிகள் காப்பகத்துக்குள்ளேயே கிடைத்த உரிமை என்பதால் அப்போது நாடு முழுக்கப் பேசப்பட்டது.

முழுத்தடை போட்டால் தோண்டுவது நிற்காது, ராத்திரிக்கு மாறும். திருட்டுச் சரக்கை எடுக்கிறவருக்கு நாளைக்கு அதே கொடி இருக்குமா என்ற கவலை இருக்காது. அடுத்த வருஷமும் இது நம்முடையதுதான் என்ற உறுதி உள்ளவர்தான் விதை பறக்கும்வரை காத்திருப்பார், தூரில் சில வேரை விட்டுவைப்பார். ஆக, கிராம சபைக்கு உரிமையும் நியாயமான விலையும் கொடுத்து, எவ்வளவு எடுப்பது என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

வயலுக்குக் கொண்டுவர முடியாதா?

முடியும். மைசூர் ஆராய்ச்சி நிலையம் திசு வளர்ப்பு முறையில் மாகாளி நாற்றுகளை உருவாக்கிக் காட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. விதையிலிருந்தும் வளர்க்கலாம். தண்ணீர் தேங்காத செம்மண், ஏறிப் படர ஒரு பிடிமானம், நல்ல வெயில் போதும். பிரச்சினை பொறுமைதான். அறுவடைக்கு வேர் பருமனாக இரண்டு மூன்று வருஷமாவது வேண்டும். மூன்றே மாதத்தில் காசு பார்க்கும் காய்கறியை விட்டுவிட்டு எந்த விவசாயி காத்திருப்பார்? காட்டுச் சரக்கு மலிவாக வந்துகொண்டே இருக்கும்வரை, வயல் சரக்கால் விலையில் போட்டி போட முடியாது.

இங்கேதான் புதுச் சட்டத்துக்கு வேலை. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பல்லுயிர்ப் பெருக்கத் திருத்தச் சட்டம் 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பயிரிட்டு வளர்த்த மூலிகைகளுக்கு, பிறப்பிடச் சான்று இருந்தால், பயன் பகிர்வு விதிகளிலிருந்து விலக்கு தருகிறது இது. காகிதத்தில் பார்த்தால் பயிர் செய்பவருக்கு நல்ல ஊக்கம். ஆனால், சுரண்டிக் கழுவிய வேரைப் பார்த்து இது வயலில் வந்ததா, காட்டில் வந்ததா என்று சொல்வது கஷ்டம். சான்றிதழ் கொடுக்கும் உள்ளூர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் சுறுசுறுப்பாக இல்லாவிட்டால், காட்டுச் சரக்கே வயல் சரக்கு என்ற பெயரில் போய்விடும்.

அடையாறு மொட்டை மாடியில் வளருமா?

பெரிய தொட்டியில் கொடி பிழைக்கலாம். ஆனால் ஊறுகாய்க்கு ஆகாது. நல்ல விதை கிடைப்பதே அரிது. கிடைத்து முளைத்தாலும், பாறைக்குள் இறங்கும் வேருக்கு க்ரோ பேக் எந்த மூலைக்கு? வேரைத் தின்ன இல்லை, கொடியைக் காப்பாற்ற என்று வளர்ப்பவர்கள் தாராளமாக முயற்சிக்கலாம்.

ஊறுகாய்தான் வேண்டும் என்றால் மாங்காய் இஞ்சி இருக்கிறது. அதே கடையில், பக்கத்துக் கோணியில் இருக்கும். பார்க்க இஞ்சி, வாசனை மாங்காய், குடும்பம் மஞ்சள். மாகாளியின் வாசனை இதில் வராது, மாகாளிக்கு ஈடு என்று மயிலாப்பூர்க்காரர்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் அதே எலுமிச்சை, உப்பு, தயிர்ப் பக்குவத்துக்கு இது நன்றாக ஒத்துவரும். முளை கட்டிய துண்டைச் சித்திரை, வைகாசி வாக்கில் மண்ணில் வைத்தால், இலை பழுத்துச் சாயும் தை மாதத்தில் தோண்டலாம். ஒரு துண்டை மறுபடி நட்டால் அடுத்த வருஷத்துக்கும் ஆயிற்று.

மாகாளியே வேண்டும் என்பவர்கள் அடுத்த மார்கழியில் கடைக்கார அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: 'எந்த ஊர் சரக்கும்மா இது?' பல நேரம் பதில் 'கோயம்பேடு' என்பதோடு நின்றுவிடும். பாட்டிலில் விற்கும் கம்பெனிகளுக்கு அந்தச் சாக்கு கிடையாது. கொள்முதல் ரசீது அவர்கள் கையில்தான் இருக்கிறது. பத்து ரூபாய் பிஸ்கட்டிலேயே என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அச்சடிக்கிறார்கள். மாகாளி பாட்டிலில் காடா, வயலா என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய செலவு இல்லை.